"இது எங்க கடை ரூல்" என்றால் என்ன செய்வது? கடை வேலைக்குச் சேரும் நாள் முதல் செட்டில்மென்ட் வரை

பன்னிரண்டு வருஷமாகக் கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நடுவில் கொஞ்ச காலம் ஒரு நகைக்கடை. இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் "இது எங்க கடை ரூல்" என்பதுதான். முதலாளி சொல்வார், ஃப்ளோர் சூப்பர்வைசர் சொல்வார், சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் வேலை பார்க்கும் பிள்ளைகளே புதிதாக வருபவர்களிடம் அதைச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கடைக்கு ரூல் இருப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ரூல் சட்டம் கொடுப்பதற்கு மேலே போகலாம், கீழே இறங்க முடியாது. வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு என்று சட்டம் சொல்கிறது, கடை 15 நாள் கொடுத்தால் தாராளமாகக் கொடுக்கட்டும். 6 நாள்தான் என்று அச்சடித்து, நீங்களும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாலும், மிச்சம் 6 நாள் உங்களுடையதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து பேசாமல் இருப்பவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். முதலாளிகள் பக்கமும் ஒரு அறியாமை உண்டு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்களுக்கு எந்தச் சட்டம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் கடையில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு அடுக்கில் சட்டம் இருக்கிறது. ஒன்று மாநிலச் சட்டம்: 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். வேலை நேரம், வார விடுமுறை, விடுப்பு, வேலைநீக்கம் எல்லாம் இதில் வரும். கூடவே 1958-இல் வந்த தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைச் சட்டம். இரண்டாவது அடுக்கு மத்தியச் சட்டங்கள். சம்பளம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பணிக்கொடை (கிராஜுவிட்டி), பேறுகாலப் பலன் எல்லாம் அங்கே. பழைய 29 மத்தியச் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். "புதுச் சட்டம் வந்திடுச்சு, பழசெல்லாம் போச்சு" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கடைகள் சட்டம் அந்த 29-இல் இல்லை, அது மாநிலத்துடையது, அப்படியே இருக்கிறது.

அடுத்து எண்ணிக்கை. 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை, பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு எல்லாம் கட்டாயம். 20 பேர் ஆனால் பி.எஃப். அதனால்தான் சில கடைகளில் எட்டு வருஷமாக ஒன்பது பேர் மட்டுமே வேலை பார்க்கிறார்கள், ரிஜிஸ்டரில். தரைத்தளம் அப்பா பெயரில், மாடி மகன் பெயரில் என்று பிரித்து வைப்பதும் உண்டு. ஒரே கல்லா, ஒரே குடோன், ஒரே மேனேஜர் என்றால் அதிகாரி வந்து ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிடுவார். அந்தக் கணக்கு நிற்பதில்லை.

படி 2: சேரும் நாளில் கையில் என்ன வாங்க வேண்டும்

நியமனக் கடிதம். பெயர், வேலை, சேர்ந்த தேதி, சம்பளம் இந்த நான்கும் இருந்தால் போதும், அழகான லெட்டர் பேட் எல்லாம் வேண்டாம். கேட்டும் தராவிட்டால், சேர்ந்த அன்றே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் "இன்று முதல் இன்ன கடையில் இன்ன சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் சார்" என்று பணிவாக ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் ஒரு கட்டைவிரல் போட்டாலும் அது உங்களுக்குச் சாட்சி.

ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுக்காதீர்கள். அதை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்க எந்தத் தொழிலாளர் சட்டமும் கடைக்காரருக்கு உரிமை தரவில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்தும் வேண்டாம். ஒரு கடையில் நான் பார்த்திருக்கிறேன், சேரும் நாளிலேயே தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி வாங்கி ஃபைலில் வைத்துவிடுவார்கள். அந்த ஃபைலின் மேல் பச்சை மையில் "முக்கியம்" என்று எழுதியிருக்கும். அப்படி எழுதிக் கொடுக்கும் நிலைமை வந்தால் அன்றைய தேதியை நீங்களே பெரிதாகப் போட்டுவிடுங்கள். சேர்ந்த தேதியிலேயே ராஜினாமா என்றால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சம்பளச் சீட்டைப் பிரித்துப் பாருங்கள்

கணக்கு எளிதாக வரட்டும் என்பதற்காக மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பது தொழிலுக்குத் தொழில் மாறும், அதில் சேரும் பஞ்சப்படி சென்னையின் விலைவாசிக் குறியீட்டை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் திருத்தப்படும். மே மாதச் சம்பளத்திலும் பஞ்சப்படி நகரவில்லை என்றால் கேளுங்கள்.

13,000-இல் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு தன் கையிலிருந்து போட வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், 97.50 வரும், 98 ஆகப் பிடிப்பார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஆக, கையில் 11,342. முதலாளியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழிக்கும் கடைகள் இருக்கின்றன. "மொத்தம் 24 சதவீதம் பி.எஃப். சார்" என்று ஒரு பையன் என்னிடம் சாதாரணமாகச் சொன்னான், அது சட்டப்படி சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

பிடித்தால் மட்டும் போதாது, கட்டினார்களா என்று பார்க்க வேண்டும். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கி, உமங் என்ற அரசுச் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் மாதாமாதம் விழுந்திருப்பது தெரிந்துவிடும். உங்களிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது வெறும் பாக்கி இல்லை. குற்றவியல் சட்டத்தில் அது நம்பிக்கை மோசடி.

படி 4: பிடித்தம் என்ற பெயரில் நடப்பது

இங்கேதான் கடை ரூல் முழு ஆட்டம் ஆடும். காலை 9:30-க்கு வர வேண்டும், 10 மணிக்கு வந்தால் அரை நாள் கட். இது அநேகமாக எல்லாத் தெருவிலும் இருக்கிற ரூல். கணக்கைப் பாருங்கள். 13,000-ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் 500. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரம் 62.50. அரை மணி தாமதத்துக்கு 31 ரூபாய் 25 காசுதான் பிடிக்கலாம், ஏனென்றால் வராத நேரத்துக்கு உரிய விகிதத்தைத் தாண்டிப் பிடிக்கக் கூடாது என்று அந்த நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கடை பிடிப்பது 250. மாதம் நான்கு நாள் பஸ் தாமதமானால் ஆயிரம் ரூபாய் போய்விடும்.

தாமதம் ஒழுங்கீனம், அதற்கு அபராதம் போடுகிறோம் என்றால் அதற்கும் வழிமுறை உண்டு. எந்தெந்தத் தப்புக்கு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அபராதம் போடும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், ஒரு மாதத்தில் மொத்தமே சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் 390 ரூபாய். அந்தப் பணம் முதலாளியின் கல்லாவுக்கும் போகக் கூடாது, தொழிலாளர் நலனுக்குத்தான் செலவாக வேண்டும். செல்போன் பார்த்தால் 500, வாடிக்கையாளர் வாங்காமல் போனால் 100, சிரிக்காமல் நின்றால் 50 என்றெல்லாம் ரூல் போட்ட ஒரு கடையின் சம்பளக் கணக்கை நானே எழுதியிருக்கிறேன். அந்தத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன், "இதர" என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

சேலை ஒன்று குறைகிறது, அந்த ஃப்ளோரில் நின்ற ஆறு பேரிடமும் பிரித்துப் பிடி என்பது அடுத்த வழக்கம். பொருள் குறிப்பாக உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருந்து, உங்கள் கவனக்குறைவால் போயிருந்தால் மட்டுமே பிடிக்கலாம், அதுவும் விளக்கம் கேட்ட பிறகு. ஆறு பேருக்கும் சமமாகப் பங்கு போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: நேரம், ஓ.டி., உட்காரும் உரிமை

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓ.டி. சேர்த்தாலும் கடைகள் சட்டப்படி நாளுக்கு 10, வாரத்துக்கு 54. நான்கு மணி நேரம் தொடர்ந்து நின்றால் ஒரு மணி நேரம் இடைவேளை. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். நம் உதாரணத்தில் மணிக்கு 125 ரூபாய்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9:30-க்கு ஷட்டர் ஏறும், இரவு 9:30-க்கு இறங்கும். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் 11 மணி நேரம், அதாவது சட்டத்தின் உச்ச வரம்பைவிட ஒரு மணி அதிகம். இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இரவு டிபனும் ஒரு சேலையும். போனஸோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். போனஸ் வேறு, ஓ.டி. வேறு. போன மணி நேரத்தை நீங்கள் எழுதி வைத்திருந்தால்தான் பிறகு பேச முடியும், அதனால் ஒரு சின்ன டைரியில் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அன்றன்றே குறித்து வையுங்கள். ஒரே பேனாவில் மாதக் கடைசியில் எழுதிய வருகைப் பதிவேட்டை அதிகாரிகள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கலர் மாறாத மை, வளைவு மாறாத கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமைகூட சரியாக 9:30. உங்கள் டைரியில் காபிக் கறை இருந்தால் நல்லதுதான்.

தொழிற்சாலைகளில் நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலையை நீட்டிக்க வழிசெய்யும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியதும், கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததும், மே 1 அன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். "12 மணி நேரம் இப்ப சட்டமாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

24 மணி நேரமும் கடை திறந்து வைக்கலாம் என்ற அரசாணை 2019-இல் வந்தது, பிறகு நீட்டித்தார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கானது. கடை 24 மணி நேரம் திறந்திருக்கலாம், ஒரே ஆளை அவ்வளவு நேரம் வேலை வாங்க முடியாது. இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை பார்க்க அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதமும் போதிய பாதுகாப்பும் வேண்டும். சம்மதம் என்றால் மறுக்கவும் முடிய வேண்டும்.

அப்புறம் நாற்காலி. 2021-இல் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கேரளா 2018-இலேயே செய்துவிட்டது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்பது சட்டம். ரங்கநாதன் தெருவில் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. நான் கணக்கு எழுதிய ஒரு கடையில் சட்டம் வந்த புதிதில் 30 பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார்கள், பில்கூட என் மேஜைக்குத்தான் வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி டிரையல் ரூமுக்குப் பின்னால் வைத்தார்கள். மேலே தூசி படிந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி வந்ததும் துடைத்து கவுன்டருக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். பாவாடை செக்‌ஷனில் இருந்த அக்கா ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும், உட்காராமல் அந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே நின்றார். பழக்கம் அப்படி. இந்தப் பிரிவை அமல்படுத்தக் கடைக்காரருக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, ஆனாலும் இதுதான் அதிகம் மீறப்படுகிறது என்பது என் அனுபவம்.

படி 6: விடுப்பு

வாரத்துக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு பண்டிகைக்கு ஐந்து, ஆக ஒன்பது நாள். அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுப்பு. கடைகள் சட்டத்தில் ஒரு வருஷம் முடித்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, அது தவிர வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. நோய் விடுப்புக்கும் தற்செயல் விடுப்புக்கும் முதல் வருஷம் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

கல்யாணம் ஆன பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளிகளுக்கு ஒரு செய்தி. முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம், உண்மைதான். ஆனால் இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டிய கடை என்றால் அந்த 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கழகம் கொடுக்கும். 3.25 சதவீதத்தை மிச்சம் பிடித்தவர்தான் முழுத் தொகையையும் கையிலிருந்து கொடுப்பார்.

படி 7: "நாளையிலிருந்து வராதே"

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. கடைகள் சட்டம் 41-ஆவது பிரிவு. ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவு செய்திருக்க வேண்டும். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும்.

நடைமுறையில் யாரும் நீக்கல் உத்தரவு கொடுப்பதில்லை. கதவில் செக்யூரிட்டி தடுப்பார், அவ்வளவுதான். அல்லது ஆபீஸ் ரூமில் உட்காரவைத்து "எழுதிக் கொடுத்துட்டுப் போ, செட்டில்மென்ட் உடனே வரும்" என்பார்கள். எழுதாதீர்கள். எழுத வேண்டிய கட்டாயம் வந்தே விட்டால் அன்று மாலைக்குள் "என்னை வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள், நான் ராஜினாமா செய்யவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்" என்று ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதை பத்திரமாக வையுங்கள். அந்தக் கடிதத்தின் தேதிதான் முக்கியம். பத்து நாள் கழித்து எழுதினால் யோசித்து எழுதியது என்பார்கள். நீக்கல் உத்தரவு கையில் வந்தால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும்.

நீங்களாக விலகினாலும் அவர்களாக நீக்கினாலும், இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கி வந்துவிட வேண்டும் என்பது இப்போதைய ஊதியச் சட்டம். "45 நாள் கழிச்சு வாங்க" என்பது கடை ரூல். பணிக்கொடை தனி. ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். 13,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500, ஏழு வருஷம் என்றால் 52,500. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தவர்களுக்குப் புதிய தொகுப்பின்படி ஒரு வருஷத்திலேயே உண்டு. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

முதலாளிகளுக்குக் கொஞ்சம்

நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளம் தரவில்லை என்று புகார் வந்தால், தந்தேன் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஊதியத் தொகுப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கையில் ரொக்கமாகக் கொடுத்து, நம்பிக்கையில் கையெழுத்து வாங்காமல் விட்ட நல்ல முதலாளி ஒருவர் மூன்று மாதச் சம்பளத்தை இரண்டாவது முறை கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பையன் பொய் சொன்னான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் தாள் இல்லை. வங்கியில் போடுங்கள், முடிந்தது. கோரிக்கை வைக்க ஊழியருக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டு, அதனால் பழைய பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள்.

பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இதே கடைகள் சட்டத்தின் விதிதான், பார்க்க வருவதும் இதே தொழிலாளர் துறைதான். ஆய்வாளர் வாசலிலேயே நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

படி 8: புகார் கொடுக்கும் விதம்

முதலில் கடைக்கே எழுத்தில் கேளுங்கள், சண்டை போடும் குரலில் வேண்டாம். தேதி, தொகை, மாதம் மட்டும். ஒரு வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பகுதியின் தொழிலாளர் உதவி ஆய்வாளர், வேலைநீக்கம் என்றால் தொழிலாளர் அலுவலர். சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அங்கே போகாது, அவற்றுக்குத் தனி அலுவலகங்கள். பாலியல் தொல்லை என்றால் கடையின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள், 10 பேருக்குக் குறைவான கடை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம்.

மனுவில் கதை வேண்டாம். யார் எப்படித் திட்டினார் என்று நான்கு பக்கம் எழுதினால் அதிகாரி கடைசிப் பக்கத்தில் இருக்கும் தொகையைப் பார்க்கவே மாட்டார். சேர்ந்த தேதி, சம்பளம், எவ்வளவு பாக்கி, எந்த மாதங்களுக்கு, என்ன வேண்டும், இவை முதல் பக்கத்திலேயே வரட்டும். டைரி நகல், வாட்ஸ்அப் படங்கள், வங்கிக் கணக்கின் பக்கங்கள், ஸ்பீட் போஸ்ட் ரசீது எல்லாவற்றையும் எண் போட்டுப் பின்னால் இணையுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், மை காய்ந்திருந்தால் இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள்.